புளூ ஜாகர்தானே?

தாமிரவருணிக் கரைக் கிராமங்களில் கல்யாணப் பேச்சு ஆரம்பித்தால், ஜாதகப் பொருத்தத்துக்கு அடுத்தபடியாகப் பல வீடுகளில் வைரத் தோட்டைப் பற்றிய பேச்சு வந்தே தீரும். கல்லிடைக்குறிச்சி, சேரன்மாதேவிப் பாட்டிமார்களுக்கு இதில் ஒரே ஒரு கேள்விதான். "புளூ ஜாகர்தானே?" என்பார்கள். "ஆமாம்" என்று பதில் வந்துவிட்டால் மேற்கொண்டு விசாரணை கிடையாது.

இந்த ஜாகர் என்பது ஆளா, ஊரா என்று எந்தப் பாட்டியும் கேட்டதாகத் தெரியவில்லை. தென்னாப்பிரிக்காவில் ஜாகர்ஸ்பான்டீன் என்று ஒரு சுரங்கம் இருந்தது. 1893-ஆம் வருஷத்தில் 995 காரட் எடையுள்ள 'எக்ஸெல்ஸியர்' என்னும் கல் அகப்பட்டது அங்கேதான். அந்தச் சுரங்கத்து வெண்கற்களில் சில, வெயிலில் பிடித்தால் மெல்லிய நீலம் காட்டும். சூரிய ஒளியிலுள்ள, கண்ணுக்குப் புலனாகாத கதிர்களை வாங்கி நீல ஒளியாகத் திருப்பிக் கொடுப்பதே காரணம். சுரங்க வேலை 1971-ல் நின்றுவிட்டது. பெயர் மட்டும் நம் நகைக்கடைகளில் நிற்கவில்லை. வேடிக்கை என்னவென்றால், வெண்மை மிகுந்த கல்லில் இந்த நீலம் பலமாக இருந்தால் இன்றைய சந்தையில் பெரும்பாலும் விலை குறைவு!

என்னுடன் வேலை பார்க்கும் தமிழாசிரியை ஒருவர், கணவரை இழந்தவர். சீட்டுக் கட்டிச் சேர்த்த பணத்தில், ஒன்றரை வருஷத்துக்கு முன் மகளுக்கென்று ஏழு கல் தோடு வாங்கினார். பெண்ணோ, கல்யாணம் இருக்கட்டும், மேலே படிக்க வேண்டும் என்றாள். தாயாரும் தோட்டை விற்கத் துணிந்தார். துணைக்கு நானும் போனேன். வாங்கிய கடையிலேயே தங்கத்துக்கு மட்டும் விலை போட்டார்கள். கல்லுக்கு? "பில்லில் 'வைரத் தோடு ஒரு ஜோடி' என்றுதானே இருக்கிறது, அம்மா?" என்றார் கடைக்காரர். பிறகு சோதனைச் சாலைக்கு அனுப்பிப் பார்த்ததில், பதினான்கு கற்களும் ஆய்வுக் கூடத்தில் வளர்த்தவை என்று தெரிந்தது.

அவற்றைப் போலி என்று சொல்வதற்கில்லை. கரி அணுக்கள் அதே ஒழுங்கில் அமைந்த வைரந்தான். 1954 டிசம்பரில் அமெரிக்காவில் ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பெனியார் செய்து காட்டிய வித்தை, இன்று சூரத்திலும் நடக்கிறது. மூச்சை ஊதிப் பார்ப்பதும், உஷ்ணக் கருவியை வைத்துப் பார்ப்பதும் கண்ணாடியையும் 'அமெரிக்கன் டைமண்'டையும் காட்டிக் கொடுக்கும். இதைக் காட்டிக் கொடுக்காது. ஆனால் விலையோ சுரங்கக் கல்லின் விலையில் சிறு பகுதி. முழுப் பணத்தையும் வாங்கிக்கொண்டு இதைக் கொடுத்ததுதான் அநியாயம்.

பழைய மதுரை ரத்தினக் கடைத்தெருவில் இவ்வளவு அலட்சியம் இருந்ததாகத் தெரியவில்லை. சிலப்பதிகாரத்தில் இளங்கோவடிகள் வைரத்தின் குற்றங்களைக் காகபாதம், களங்கம், விந்து, ஏகை என்று பெயர் சொல்லியே குறிக்கிறார். இன்றைய நிபுணர் பத்து மடங்கு பெருக்கும் கண்ணாடியில் தேடுவதும் இவ்வினத்தைத்தான்.

இப்பொழுது என்னிடம் யோசனை கேட்பவர்களிடம், கல்லைப் பதிப்பதற்கு முன்பே பாருங்கள் என்கிறேன். பின்புறம் மூடிக் கட்டிய தோட்டில் நிறமும் குற்றமும் சரியாகத் தெரியாது. ரசீதில் 'இயற்கை வைரம்' என்ற சொல்லும், கற்களின் எண்ணிக்கை, காரட் எடை, நிறம், தெளிவு, தங்கத்தின் நிகர எடை ஆகியவையும் தனித்தனியே இருக்க வேண்டும். ஒரு காரட் என்பது 0.2 கிராம், கல்லுக்கும் சேர்த்துத் தங்க விலை போட்டிருக்கிறார்களா என்று வீட்டிலேயே கழித்துப் பார்க்கலாம். ஹால்மார்க் முத்திரை தங்கத்துக்கு மட்டுமே சாட்சி. பெரிய கல்லாயின் ஜி.ஐ.ஏ. போன்ற சோதனைச் சாலையின் சான்றிதழைக் கேளுங்கள். அதன் எண் பெரும்பாலும் கல்லின் விளிம்பிலேயே பொறித்திருக்கும். அதை அவர்களுடைய இணையதளத்தில் ஒத்துப் பார்த்துவிடலாம். திரும்ப எடுக்கும் விலையையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

வைரத்தை மூன்று நாள் வீட்டில் வைத்துத் தோஷம் பார்க்கும் வழக்கம் நம்மிடம் உண்டு. அதை நான் குறை சொல்லமாட்டேன். அந்த மூன்று நாளில் கல்லை இன்னொரு நிபுணரிடம் காட்டிவிடலாமே!

தமிழாசிரியை நுகர்வோர் ஆணையத்தில் மனுக் கொடுத்திருக்கிறார். 2019-ஆம் வருஷச் சட்டம் இதற்கு இரண்டு வருஷத் தவணை தருகிறது. ரசீதில் கற்களின் விவரம் இல்லாவிட்டாலும் வாங்கிய தொகை தெளிவாக இருக்கிறது. அந்தத் தொகைக்கு அன்று விற்றது சுரங்கக் கல்தான் என்பது எங்கள் வாதம். பெண் பாளையங்கோட்டையில் எம்.எஸ்ஸி. வகுப்பில் சேர்ந்துவிட்டாள். முதல் தவணைக் கட்டணத்துக்குத் தோட்டின் தங்கம் போதுமானதாக இருந்தது.