உம்ராவிற்கு ஆகுமானது, வலிக்கு ஆகாதா?

 

ஒவ்வோர் ஆண்டும் ரமழானுக்கு முன்னர் சேலம், நாமக்கல் பகுதிகளிலிருந்து உம்ராக் குழுக்கள் புறப்படும் நாட்களில் நமது கைப்பேசி ஓய்வதில்லை. கேட்கப்படுவது பெரும்பாலும் ஒரே கேள்விதான். "உஸ்தாபி, தவாஃப் செய்யும் நாட்களில் தலைக்குளிப்பு வந்துவிடாமல் இருக்க மாத்திரை போட்டுக்கொள்ளலாமா?" உடலுக்குத் தீங்கில்லை என்று மருத்துவர் கூறினால் தடையில்லை என்பதே இக்கால உலமாக்களில் பலரின் தீர்ப்பு. அதையே நாமும் கூறுகிறோம். கேட்டவர் நிம்மதியுடன் இணைப்பைத் துண்டிக்கிறார். மாத்திரையும் இஹ்ராம் துணியோடு பெட்டிக்குள் போய்விடுகிறது.

அம்மாத்திரையின் பெயர் பெரும்பாலும் நோரெதிஸ்டிரோன். அது புரோஜெஸ்டின் என்னும் வகையைச் சேர்ந்த ஹார்மோன். அதே வகை ஹார்மோனை ஒரு பெண் மாதாமாதம் துடிக்கும் வலிக்காக உட்கொண்டால், நம் வீடுகளில் அதன் பெயர் மாறிவிடுகிறது. அப்போது அது "கருத்தடை மாத்திரை". குரல் தாழ்கிறது, கதவு சாத்தப்படுகிறது. இந்த முரண்பாட்டைப் பிறர் மீது பழியாகச் சொல்லவில்லை. நாமே அதற்குள் பல ஆண்டுகள் வாழ்ந்தோம்.

நமக்கு வயது 43. ராசிபுரத்தை அடுத்த சிற்றூர் ஒன்றில், பெண்கள் மதரஸாவில் 16 ஆண்டுகளாகப் பாடம் நடத்தி வருகிறோம். ஆண்டுதோறும் ஃபிக்ஹு வகுப்பில் ஹைளுடைய பாடம் வரும். மாதவிடாயைக் குறித்து வினவப்பட்டபோது அதனை ஒரு தொல்லை என்றே அல்லாஹ் குறிப்பிட்ட அல்பகரா அத்தியாயத்தின் 222ஆம் வசனத்தை விளக்குவோம். துப்பட்டாவின் கீழே அடிவயிற்றில் வெந்நீர்ப் பையை அழுத்தியவாறே அந்தப் பாடத்தை நடத்திய ஆண்டுகள் பல. வலி இடுப்பில் தொடங்கித் தொடை வரை இறங்கும். கழிப்பறைக்குச் செல்வதே வேதனையாக இருக்கும். மணமான புதிதில் பார்த்த மருத்துவர், பிள்ளை பிறந்தால் சரியாகிவிடும் என்றார். ஒரு மகன் பிறந்தான், அல்ஹம்துலில்லாஹ். வலி சரியாகவில்லை. இரண்டாவது பிள்ளை வாய்க்கவும் இல்லை. ஒருமுறை எடுத்த ஸ்கேனில் ஒன்றும் இல்லை என்றார்கள். ஒன்றும் இல்லை என்று எழுதிக் கொடுத்த காகிதத்தை வைத்துக்கொண்டு வலியைப் பற்றி யாரிடம் பேசுவது?

39ஆம் வயதில்தான் நோயின் பெயர் தெரிந்தது. எண்டோமெட்ரியோசிஸ். கருப்பையின் உட்சுவரை ஒத்த திசு, கருப்பைக்கு வெளியே, சினைப்பையிலும் குடலின் மேற்புறத்திலும் இன்ன பிற இடங்களிலும் வளர்கிறது. மாதந்தோறும் ஹார்மோன்களின் ஆணைக்குக் கருப்பை பணிவது போல் அதுவும் பணிந்து வீங்குகிறது, கசிகிறது. ஆனால் கசிந்த இரத்தம் வெளியேற வழியில்லை. எனவே அழற்சியும் தழும்பும் உண்டாகின்றன, உறுப்புகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. சினைப்பையில் பழைய இரத்தம் தேங்கிய கட்டியைச் சாக்லேட் கட்டி என்கிறார்கள். நமக்கு இடப்புறம் 4 சென்டிமீட்டரில் ஒன்று இருந்தது. மேலோட்டமாகப் படர்ந்திருக்கும் திட்டுகள் ஸ்கேனில் தெரியாமல் போகக்கூடும் என்பதும் அப்போதுதான் விளங்கியது.

பிள்ளை பெறும் வயதிலுள்ள பெண்களில் ஏறத்தாழ பத்தில் ஒருவருக்கு, உலகெங்கும் சுமார் 19 கோடிப் பேருக்கு இந்நோய் இருப்பதாக உலகச் சுகாதார நிறுவனம் கூறுகிறது. சென்னையில் பிறந்து அமெரிக்காவில் புகழ்பெற்ற பத்மா லட்சுமிக்குக்கூட இது கண்டறியப்பட்டபோது வயது 36. பருவமடைந்த நாள் முதல் வலியோடு வாழ்ந்தவர் அவர். 2009இல் தம் மருத்துவரோடு சேர்ந்து இந்நோய்க்கென்றே ஓர் அமைப்பை நிறுவினார். வசதியும் பெரிய மருத்துவமனைகளும் சூழ வாழ்ந்தவருக்கே அவ்வளவு காலம் என்றால், ராசிபுரம் பேருந்து நிலையத்தில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்கும் பெண்ணுக்கு எவ்வளவு காலம் ஆகும்!

மருத்துவர் நமக்கு டைனோஜெஸ்ட் 2 மில்லிகிராம் எழுதினார். நாள்தோறும் ஒரே நேரத்தில், இடைவெளியின்றி. இஷாத் தொழுகை முடிந்ததும் என்று வைத்துக்கொண்டோம். நோயை இது வேரோடு களையாது, அடக்கி வைக்கும், நிறுத்தினால் திரும்பக்கூடும் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார். மூன்றாம் மாதத்தில் வலி இறங்கியது. திருமணமான பின் முதன்முறையாக ஒரு மாதம் முழுவதும் வெந்நீர்ப் பை அலமாரியிலேயே கிடந்தது.

உடல் எடை மட்டும் ஏறியது. 14 மாதங்களில் 62 கிலோவிலிருந்து 69. உறவினர் வீட்டு நிக்காஹ் ஒன்றில், வலீமா விருந்தின்போது, பக்கத்தில் அமர்ந்திருந்தவர் நம் வயிற்றைப் பார்த்து, "என்ன, விசேஷமா?" என்று மகிழ்ச்சியோடு கேட்டார். அவர் நல்ல மனத்தோடுதான் கேட்டார். இரண்டாவது பிள்ளைக்காகப் பத்தாண்டுகள் துஆ செய்தவளுக்கு அந்தக் கேள்வி எங்கே போய்த் தைக்கும் என்பது அவருக்குத் தெரியாது. வீடு திரும்பியதும் மாமி, "அந்த மாத்திரையால்தான் ஊதுகிறது, விட்டுவிடு" என்றார். யாரிடமும் கேளாமல் நாமே நிறுத்தினோம்.

ஏழு மாதம். எடை 3 கிலோ இறங்கியது. பிறகு ஒரு வியாழன் இரவு, மஃக்ரிபுத் தொழுகையின் ருகூவிலிருந்து நிமிர முடியாமல் அப்படியே முசல்லாவில் சாய்ந்தோம். கட்டி ஐந்தரை சென்டிமீட்டராகியிருந்தது. எம் கணவர் மருத்துவர் எதிரே ஒன்றும் பேசவில்லை. பேருந்தில் வரும்போதுதான், "எடையை நான் கேட்டேனா?" என்று ஒரு வார்த்தை சொன்னார்.

எடையைப் பற்றி மருத்துவரிடம் அன்றுதான் ஒளிக்காமல் கேட்டோம். அவர் கூறியவற்றில் சில நம் சகோதரிகளுக்குப் பயன்படும். எல்லா ஹார்மோன் மருந்தும் ஒன்றல்ல. ஈஸ்ட்ரோஜெனும் புரோஜெஸ்டினும் சேர்ந்த சாதாரண மாத்திரையால் பெருமளவில் எடை கூடுவதாக ஆய்வுகளில் உறுதிப்படவில்லை. மூன்று மாதத்திற்கு ஒருமுறை போடும் ஊசியில், அதாவது அரசு மருத்துவமனைகளில் "அந்தரா" என்ற பெயரில் இலவசமாகத் தரப்படும் ஊசியில், எடை கூடுவது பலருக்கு நேர்கிறது. எலும்பின் அடர்த்தியும் குறையலாம், நிறுத்திய பின் கருவுறச் சில மாதங்கள் கூடுதலாகவும் ஆகலாம். கருப்பைக்குள் பொருத்தும் ஹார்மோன் சாதனமும் உண்டு. அதன் மருந்து பெரும்பாலும் உள்ளேயே வேலை செய்கிறது. டைனோஜெஸ்டில் சிலருக்கு எடை கூடும், சிலருக்குக் கூடாது. தொடக்கத்தில் ஏறும் ஓரிரு கிலோ உடலில் தேங்கும் நீராகவும் இருக்கலாம். இந்தியர்க்கு உடல் எடைக் குறியீடு 23ஐத் தாண்டினாலே கவனம் வேண்டும் என்பதால் அவர் நம் கவலையை அலட்சியம் செய்யவும் இல்லை. "மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். பிடிக்கவில்லையென்றால் வந்து சொல்லுங்கள், மாற்றித் தருகிறேன்" என்றார். இந்த ஒரு வாக்கியத்தை யாரேனும் முன்பே சொல்லியிருந்தால் ஏழு மாதம் மிஞ்சியிருக்கும்.

நம் பங்கும் இருந்தது. வலி இருந்த காலத்தில் குமட்டலால் பாதி நாள் உண்ணாதிருந்தோம். வலி போனதும் பசி வந்தது. அந்தப் பசிக்கு நாம் போட்டது மாலை நேரத் தட்டுவடை செட்டும் இரவுப் பரோட்டாவும். இது மரவள்ளி விளையும் பூமி, ஜவ்வரிசிப் பாயசம் இல்லாத விருந்து இங்கு இல்லை. அது முழுக்க மாவுச்சத்து. நாமக்கல் முட்டை உலகெங்கும் போகிறது, நாமோ அதைத் தின்ன மறந்து கிழங்கு மாவைத் தின்கிறோம். இப்போது காலையில் இரண்டு அவித்த முட்டை, மாலையில் சுண்டல். ஃபஜ்ருக்குப் பின் மொட்டை மாடியில் நடை. கடிகாரம் பார்ப்பதில்லை, மனனமாக உள்ள ஒரு ஜுஸ்வை நிதானமாக ஓதி முடித்தால் ஏறக்குறைய 40 நிமிடம். ஓதக் கூடாத நாட்களில் ஸலவாத்து. இன்று எடை 66. அறுபத்திரண்டாகுமா என்றால், ஆகாமலும் போகலாம். கட்டி மீண்டும் சுருங்கியிருக்கிறது.

எடையை எண்ணி மனம் சுருங்கும்போதெல்லாம் ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவித்த ஒரு செய்தி நினைவுக்கு வரும். அபூதாவூதில் பதிவாகியுள்ளது. ஒரு பயணத்தில் நபி (ஸல்) அவர்களோடு ஓட்டப் பந்தயம் வைத்து அன்னையார் வென்றார்கள். பின்னொரு காலத்தில், தமக்குச் சதை போட்டுவிட்ட பிறகு, மீண்டும் ஓடியபோது நபியவர்கள் வென்றார்கள். இது முன்னைய ஓட்டத்திற்குப் பதில் என்றார்கள். தமது உடல் பருத்ததை அன்னையார் தம் வாயாலேயே சொல்லிச் செல்கிறார்கள். அதில் வெட்கமோ வருத்தமோ இல்லை. எடை கூடிய மனைவியோடும் ஓடி விளையாடிய கணவர் அவர்கள். இந்த ஹதீஸை மனைவியின் இல்லற உரிமைகள் என்ற தலைப்பில் எத்தனையோ முறை பாடம் நடத்தியிருக்கிறோம். சதை போட்டது என்ற சொல்லை அப்போதெல்லாம் விரைவாகக் கடந்து போயிருக்கிறோம்.

இனிச் சொல்லப் போவது நமக்கு எளிதன்று. நம் வகுப்பில் 16 வயது மாணவி ஒருத்தி. மாதத்தில் மூன்று நாள் வரமாட்டாள். வந்தாலும் வாந்தி எடுப்பாள், மேசையில் தலை கவிழ்ந்து கிடப்பாள். ஒருநாள் அவளை அழைத்து, "எல்லாப் பெண்களுக்கும் உள்ளதுதானே, ஸப்ரு செய்" என்றோம். அவ்வாறு கூறிய வேளையில் நமது கைப்பையில் டைனோஜெஸ்ட் அட்டை இருந்தது. வலியின் பெயர் தெரிந்த ஒரே ஆள் அந்தக் கட்டடத்தில் நாம்தான். தலையாட்டிவிட்டுப் போய்விட்டாள். அன்றிரவு மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் அமர்ந்திருந்தோம். ஸர்ஃப் என்ற இடத்தில் மாதவிடாய் வந்து ஹஜ்ஜின் நடுவே அழுத ஆயிஷா (ரலி) அவர்களிடம், இது ஆதமின் பெண் மக்களுக்கு அல்லாஹ் விதித்தது என்று நபியவர்கள் ஆறுதல் சொன்னார்கள், உண்மை. ஆனால் அழுவதைக் கண்டு, ஏன் அழுகிறாய் என்று முதலில் கேட்டார்கள். நாம் கேட்கவில்லை.

மறுநாள் அவளுடைய அம்மாவைச் சந்தித்தோம். நம் நோயை மதரஸா வட்டத்தில் முதன்முதலாக வாய்விட்டுச் சொன்னது அவரிடம்தான். சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு மூவருமாகச் சென்றோம். இரத்தக் கட்டு, இரத்த அழுத்தம், கண் மின்னலோடு வரும் ஒற்றைத் தலைவலி ஏதும் உண்டா என்று மருத்துவர் விசாரித்துவிட்டு, ஈஸ்ட்ரோஜென் கலந்த மாத்திரையை எழுதினார். நம் மாத்திரையை ஏன் தரவில்லை என்று கேட்டோம். வளரும் வயது, எலும்பு இன்னும் கட்டிக்கொண்டிருக்கிறது, அதனால் இதிலிருந்து தொடங்குவோம் என்றார். இக்காலத்தில் அறுவை செய்து பார்த்து உறுதி செய்த பிறகே மருந்து என்ற கட்டாயமும் இல்லை.

வெளியே வந்ததும் அந்தத் தாய் நம் கையைப் பிடித்துக்கொண்டார். "குமருப் பிள்ளைக்குக் கருத்தடை மாத்திரையா உஸ்தாபி? நாளைக்கு மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரிந்தால்? பிள்ளை தங்காமல் போய்விட்டால்?" நியாயமான அச்சம். மாத்திரையை நிறுத்தினால் கருவுறும் ஆற்றல் திரும்பும், கருவுறுதலுக்கு இடையூறு செய்யக்கூடியது கவனிக்காமல் விட்ட நோய்தான் என்று மருத்துவர் கூறியதை மீண்டும் கூறினோம். மார்க்கத்தைப் பற்றியும் கேட்டார். மணமானவர்களிடையே தற்காலிகமாகக் கருவைத் தவிர்ப்பதையே, வஹீ இறங்கிக்கொண்டிருந்த காலத்தில் தாங்கள் அஸ்ல் செய்ததாக ஜாபிர் (ரலி) அறிவிக்கும் செய்தியைக் கொண்டு உலமாக்களில் பெரும்பாலோர் அனுமதிக்கிறார்கள். இவளுக்கோ அந்த நோக்கமே இல்லை. இது மருந்து. மருத்துவம் செய்துகொள்ளுங்கள் என்பது நபிமொழி.

முதல் மூன்று மாதங்களில் அவளுக்கு விட்டுவிட்டுத் துளித்துளியாக இரத்தம் பட்டது. இது இம்மருந்துகளில் அடிக்கடி நேர்வதே. மாத்திரையை விட்டுவிடலாமா என்ற எண்ணம் நம் பெண்களுக்கு எடையால் வருவதைவிட இதனால் அதிகம் வருகிறது. தொழுகையா, இல்லையா என்ற குழப்பம். நம் பகுதியில் பெரும்பாலோர் பின்பற்றும் ஹனஃபி மத்ஹபில் ஹைளின் குறைந்த அளவு 3 நாள், கூடிய அளவு 10 நாள். இரு ஹைளுக்கிடையே குறைந்தது 15 நாள் சுத்தம். இந்த எல்லைக்கு வெளியே படுவது இஸ்திஹாளா. அதற்காகத் தொழுகையை விடக் கூடாது. உளூச் செய்து தொழ வேண்டும், நோன்பும் நோற்க வேண்டும். ஷாஃபியீ மத்ஹபில் குறைந்தது ஒரு பகலிரவு, கூடியது 15 நாள். தனக்குத் தூய்மையே வருவதில்லை, தொழுகையை விட்டுவிடவா என்று ஃபாத்திமா பின்த் அபீ ஹுபைஷ் (ரலி) கேட்டபோது, அது ஒரு நரம்பிலிருந்து வருவது, மாதவிடாயன்று என நபியவர்கள் விளக்கினார்கள். உம்மு ஹபீபா பின்த் ஜஹ்ஷ் (ரலி) ஏழாண்டுகள் இந்த உதிரப்போக்கோடு வாழ்ந்தார்கள் என்று புகாரீயில் வருகிறது. அந்தப் பெண்கள் நாணிக்கொண்டு கேளாமல் இருந்திருந்தால் இன்று நம்மிடம் இந்தச் சட்டமே இருந்திராது. அவரவர் வழக்கமான நாட்களை நாட்காட்டியில் குறித்து வைத்து, ஐயம் வந்தால் ஆலிமிடம் காட்டிக் கேளுங்கள். வல்லாஹு அஃலம்.

இவ்வாண்டு அதே ஹைளுடைய பாடம் வந்தபோது, அந்த மாணவி எழுந்து நின்று கேட்டாள்: "உஸ்தாபி, மாத்திரையால் 12 நாள் பட்டால் கடைசி இரண்டு நாள் தொழுகை எப்படி?" வழக்கமான நாட்கள் எத்தனை என்று கேட்டோம். ஆறு என்றாள். அப்படியானால் இரண்டு நாள் மட்டுமல்ல, பத்தைத் தாண்டிவிட்டதால் ஆறுக்குப் பிந்திய ஆறு நாளுமே இஸ்திஹாளா, விட்டுப்போன தொழுகைகளைக் களாச் செய்ய வேண்டும் என்று கரும்பலகையில் எழுதிக் காட்டினோம். மற்றவர்கள் குனிந்து எழுதிக்கொண்டார்கள். வகுப்பு கலைந்த பின் பின்வரிசைப் பிள்ளை ஒருத்தி மட்டும் கிதாபை மூடாமல் அமர்ந்திருந்தாள். அருகில் சென்றோம். சேலத்தில் அந்த மருத்துவரை எந்தக் கிழமை போனால் பார்க்கலாம் என்று கேட்டாள்.