குதிரை நின்ற வீடு

சென்ற வாரம் மதரஸாவில் பிள்ளைகளுக்கு ‘அல்ஆதியாத்’ சூராவின் பொருளை விளக்கிக்கொண்டிருந்தேன். பதினொரு வசனங்களே கொண்ட சிறிய சூரா. மூச்சிரைக்க ஓடும் குதிரைகள், அவற்றின் குளம்படியில் தெறிக்கும் தீப்பொறி, அதிகாலைப் பாய்ச்சல், கிளம்பும் புழுதி என முதல் ஐந்து வசனங்களும் குதிரைகளைப் பற்றியே பேசுகின்றன. அதன்பின் பேச்சு மனிதன் பக்கம் திரும்புகிறது. அவன் தன் இறைவனுக்கு நன்றி மறந்தவன்; அதற்கு அவனே சாட்சி; செல்வத்தின் மீது கடும் பற்றுக் கொண்டவன். இறுதியில், நெஞ்சங்களில் இருப்பவை வெளிக்கொணரப்படும் நாளை நினைவூட்டி சூரா நிறைவடைகிறது.

ஒரு சிறுவன் எழுந்து, “ஹஜ்ரத், குதிரையில் தொடங்கியது ஏன் நெஞ்சில் போய் முடிகிறது?” என்று கேட்டான். தீனி போடும் எஜமானுக்காகக் குதிரை தன் உயிரையும் பொருட்படுத்தாமல் ஓடுகிறது, மனிதனோ தன்னைப் படைத்து உணவளிப்பவனையே மறக்கிறான் என்று விளக்கவுரைகளில் காணப்படும் விடையைச் சொன்னேன். பிள்ளைகள் தலையசைத்தார்கள். என் மனமோ என்னுடைய ஒன்பதாம் வயதுக்குப் போய்விட்டது.

என் அத்தா பழனியில் குதிரை வண்டி ஓட்டியவர். பேருந்து நிலையத்தில் இறங்கும் பக்தர்களை மலையடிவாரத்தில் கொண்டு சேர்ப்பது தொழில். தைப்பூசம், பங்குனி உத்திரம் என்றால் இரவு பகலாகச் சவாரி கிடைக்கும். மற்ற நாட்களில் பெருகி வந்த ஆட்டோக்களோடு போட்டியிட வேண்டும். சவாரி இல்லாத நாளிலும் குதிரைக்குக் கொள்ளும் புல்லும் வாங்கியே தீரவேண்டும்.

பழைய குதிரை ஒருநாள் வயிற்று நோவு கண்டு இறந்துபோனது. அம்மாவின் காதணிகளை விற்று, ஆடி மாதம் கூடும் அந்தியூர்ச் சந்தைக்குப் போய், ஒரு வெள்ளை மட்டக்குதிரையை அத்தா வாங்கி வந்தார். ‘ராஜா’ என்று பெயரிட்டோம். காதணி விற்ற பணம் அதற்குப் போதவில்லை என்பதும், மீதிக்கு அத்தா என்ன செய்தார் என்பதும் எங்களுக்குத் தெரியாது.

1989ஆம் ஆண்டு. அத்தாவின் நண்பர் வீட்டு நிகாஹ். மாப்பிள்ளை ஊர்வலத்துக்கு ராஜாவைக் கேட்டார்கள். அத்தாவுக்குப் பெருமை தாங்கவில்லை. குதிரையைத் தேய்த்துக் குளிப்பாட்டி, பிடரியை வாரி, கழுத்தில் ஜரிகை மாலை கட்டினார். இஷா தொழுகைக்குப் பின் பெட்ரோமாக்ஸ் விளக்குகளோடு ஊர்வலம் புறப்பட்டது. கடிவாளத்தைப் பிடித்து அத்தா முன்னே நடந்தார். நான் அவர் பக்கத்தில்.

பள்ளிவாசல் முனையிலேயே முதல் சோதனை. ஜமாஅத்துப் பெரியவர்கள் முன்னிலையில் ராஜா நிதானமாக வாலைத் தூக்கிச் சாணமிட்டது. கூட்டம் சிரித்தது, அத்தாவும் சிரித்தார். அது வாயில்லாப் பிராணியின் இயல்பு. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

அடுத்த தெரு திரும்பி நாலைந்து வீடு கடந்ததும் குதிரை நின்றுவிட்டது. அத்தா நாக்கைச் சொடுக்கினார், நகரவில்லை. கடிவாளத்தை இழுத்தார், கழுத்தை ஒரு வாசற்பக்கம் திருப்பிக்கொண்டு காலை ஊன்றி நின்றது. “சண்டிக் குதிரை போலிருக்கிறதே!” என்று யாரோ சொன்னார்கள். அப்போது அந்த வீட்டுக்குள்ளிருந்து ஒரு சிறுவன் கையில் நோட்டுப் புத்தகத்தோடு ஓடிவந்து, “அப்பா, குதிரைக்கார பாய் தண்டல் காசு கொண்டு வந்திருக்கார்!” என்று உரக்கக் கூவினான்.

ஊர்வலம் அமைதியாகிவிட்டது.

அது தண்டல்காரர் வீடு. ஆயிரம் ரூபாய் என்று எழுதிக்கொண்டு எண்ணூற்றைம்பது கையில் கொடுத்து, நாளொன்றுக்குப் பத்து ரூபாயாக நூறு நாள் வசூலிக்கும் வட்டித் தொழில். தினமும் சவாரி முடிந்ததும் அத்தா அங்கே வண்டியை நிறுத்தித் தவணை கட்டியிருக்கிறார். அவ்வீட்டுப் பாட்டி குதிரைக்கு ஒரு துண்டு வெல்லம் கொடுப்பாராம். தீனி கிடைத்த இடத்தைக் குதிரை மறப்பதில்லை. ஆனால் வண்டிப்பேட்டையில் மற்றவர்களிடம், “பட்டினி கிடந்தாலும் வட்டிக்கு வாங்காதீர்கள்” என்று சொல்லி வந்தவர் அத்தா. அவர்களில் பலர் அன்று பின்னால் நின்றிருந்தார்கள்.

அத்தா சாட்டையை எடுத்தார். காற்றில் ஓசை எழுப்புவதற்கு மட்டுமே அவர் பயன்படுத்திய சாட்டை அது. அன்று முதன்முறையாக அது ராஜாவின் முதுகில் விழுந்தது. குதிரை துள்ளியது. மாப்பிள்ளையின் தலைப்பாகை கீழே உருண்டது. அவர் பிடரியைக் கட்டிக்கொண்டு, பின் இறங்கி, மிச்ச தூரம் நடந்தே போனார்.

அன்றிரவு கொட்டகையில் நான் அரிக்கேன் விளக்கைப் பிடித்திருந்தேன். அத்தா மஞ்சளையும் வேப்பெண்ணெயையும் குழைத்து, தடித்திருந்த சாட்டைத் தழும்பில் தடவினார். வெகுநேரம் கழித்து, “இதற்குப் பொய் சொல்லத் தெரியாது. தினமும் நான் கற்றுக்கொடுத்ததைத்தான் செய்தது. அடி வாங்க வேண்டியவன் நான்” என்றார். என் அத்தா அழுததை அன்றுதான் பார்த்தேன்.

மறுநாள் ஃபஜ்ருக்குப் பின் பள்ளிவாசல் இமாமிடம் அவரே போய் எல்லாவற்றையும் சொன்னார். இமாம் ஏசவில்லை. அபூதாவூதில் பதிவான ஒரு நிகழ்ச்சியை நினைவூட்டினார். நபி (ஸல்) அவர்களின் வாகனப் பிராணி ஒருமுறை இடறியபோது, பின்னால் அமர்ந்திருந்த தோழர் ஷைத்தானைச் சபித்தார். அப்படிச் சொன்னால் அவன் வீட்டளவு பெருத்துப்போவான், பிஸ்மில்லாஹ் என்று சொன்னால் ஈயளவு சிறுத்துப்போவான் என்று நபியவர்கள் திருத்தினார்கள். “நீங்கள் இடறிவிட்டீர்கள். குதிரையையும் ஷைத்தானையும் விட்டுவிட்டு, அல்லாஹ்வின் பெயரால் எழுந்திருங்கள்” என்றார் இமாம்.

ஊர்வலத்தில் பின்னால் வந்த பெரியவர் ஒருவர், மீதித் தவணைக்கான தொகையை வட்டியில்லாக் கடனாகத் தந்தார். அவருக்கு அதைத் திருப்பிக் கொடுக்க அத்தாவுக்கு ஓராண்டுக்கு மேல் ஆயிற்று. ஊர் வாயை மட்டும் அடைக்க முடியவில்லை. “குதிரை நின்ற வீடு” என்று அந்த வீட்டுக்கே பெயர் வைத்துவிட்டார்கள்.

தண்டல் தீர்ந்த பிறகும் ராஜா பல நாள் அந்த வாசலில் நின்றது. அத்தா அடிக்கவில்லை, இழுக்கவுமில்லை. சற்று நேரம் காத்திருப்பார். பிறகு தெருமுனைக்கு நடத்திச் சென்று, தன் சட்டைப்பையிலிருந்து வெல்லத்துண்டை எடுத்துக் கொடுப்பார். மெல்ல மெல்ல அது தெருமுனையில் நிற்கப் பழகிக்கொண்டது.

மறுமையில் நம் கைகள் பேசும், கால்கள் சாட்சி சொல்லும் என்று யாஸீன் சூராவில் ஓதுகிறோம். ஒரு மட்டக்குதிரையின் நான்கு கால்கள் இவ்வுலகிலேயே சாட்சி சொன்னதை நான் கண்ணால் கண்டிருக்கிறேன். அன்று அத்தாவுக்கு நேர்ந்தது அவமானம் என்றே பல ஆண்டுகள் எண்ணியிருந்தேன். திருத்திக்கொள்ள அவகாசம் இருக்கும்போதே ஒன்று வெளிப்படுவது அல்லாஹ்வின் அருள் என்று இப்போது தோன்றுகிறது.

அடுத்த வகுப்பில் அந்தச் சிறுவனுக்கு இந்தக் கதையைச் சொல்லப்போகிறேன். நம் நெஞ்சில் இருப்பவற்றை நாமே தூய்மைப்படுத்திக்கொள்ள வல்ல நாயன் நமக்கு அருள்புரிவானாக. ஆமீன்.