நாற்பத்தேழாம் வயதில் ஒரு பரீட்சை

1964ஆம் ஆண்டில் நமது தந்தையார் தாதர் ரயில் நிலையத்தில் வந்து இறங்கியபோது, அவருடைய தகரப் பெட்டியில் இரண்டு வேட்டிகளும் இரண்டு சான்றிதழ்களும் இருந்தன. ஒன்று தட்டெழுத்து ஹையர், மற்றொன்று சுருக்கெழுத்து. கும்பகோணத்தில் பயின்று பெற்றவை. அவ்விரு காகிதங்களைக் கொண்டே அவர் பம்பாயில் உத்தியோகம் தேடிக்கொண்டார். மாட்டுங்கா லாட்ஜில் நால்வரோடு ஓர் அறையில் தங்கினார். பின்னர் குடும்பம் நடத்தி, நம்மையும் படிக்க வைத்தார். வாசகர்களில் பாதிப்பேர் இல்லத்துக் கதையும் இதுவே ஆதலின், விரித்துரைக்க வேண்டுவதில்லை. நாம் சொல்ல வந்தது அவருடைய மகன் எழுதிய பரீட்சையைப் பற்றி.

நமது தொழில் கணிப்பொறி பழுது பார்ப்பது. இருபத்திரண்டு ஆண்டுகள் ஒரே அலுவலகத்தில் திருப்புளியும் கையுமாக மேசை மேசையாகத் திரிந்தோம். 2019ஆம் ஆண்டில் நிர்வாகத்தார் ஒரு முடிவுக்கு வந்தனர். இனி மேசைக்கொரு கணிப்பொறி இராது. சிறு பெட்டியும் திரையும் மட்டுமே இருக்கும். வேலையெல்லாம் உள்ளே சர்வர் அறையில் நடைபெறும் என்றனர். திருப்புளிக்கு அங்கே என்ன வேலை? "சிட்ரிக்ஸ் அசோசியேட் பரீட்சை தேறிவிடுங்கள் சார், பார்க்கலாம்" என்றார் நம்மினும் பதினைந்து வயது இளைய மேலதிகாரி. அந்தப் 'பார்க்கலாம்' நம் உறக்கத்தைக் கெடுத்தது.

அந்த வித்தையைச் சுருங்கச் சொல்லின் பொம்மலாட்டம் போன்றது. நாம் காணும் பொம்மை திரைக்கு முன்னே ஆடுகிறது. ஆட்டுவிக்கும் கைகள் பின்னே இருக்கின்றன. மென்பொருள் சர்வரில் ஓடும். அதன் படம் மட்டும் கம்பி வழியே திரைக்கு வரும். நாம் தட்டும் எழுத்தும் அசைக்கும் மவுசும் அவ்வழியே திரும்பிச் செல்லும். எந்தப் பயனருக்கு எந்த இயந்திரம் என்று பிரித்துக் கொடுப்பது டெலிவரி கன்ட்ரோலர். ஒரு தாய் இயந்திரத்தைச் செம்மையாக அமைத்துவிட்டால் அதைப்போல் நூறு பிறப்பிக்கலாம். அவற்றுள் பொதுவானவை, அணைத்து ஏற்றினால் முன்பிருந்த நிலைக்கே திரும்பிவிடும். விருந்தினர் போனதும் பெருக்கி, படுக்கை மாற்றி வைக்கும் லாட்ஜ் அறையைப் போல. தந்தையாரிடம் இவ்வுவமையைச் சொன்னபோது, "மாட்டுங்காவில் எங்கள் அறையை யாரும் பெருக்கியதே இல்லை" என்றார்.

லாமிங்டன் ரோடில் பழைய சர்வர் ஒன்றை வாங்கி வந்து டோம்பிவிலி வீட்டின் கூடத்தில் வைத்தோம். அதன் இரைச்சலில் தொலைக்காட்சி கேட்கவில்லை என்று வீட்டில் குறைப்பட்டார்கள். கிடைத்த குறிப்புகளோ பழையவை. இந்த நிறுவனத்தார் 1995இல் வின்ஃபிரேம் என்று தொடங்கிய சரக்குக்குப் பின்னர் மெட்டாஃபிரேம், பிரசென்டேஷன் சர்வர், ஜென்ஆப் என்று பெயரை மாற்றிக்கொண்டே வந்து, 2018இல் வர்ச்சுவல் ஆப்ஸ் என்று நிறுத்தியிருந்தனர். லாமிங்டன் ரோடுக்கும் வேறு பெயர் சூட்டி எத்தனையோ காலம் ஆயிற்று. பழைய பெயரில் கேட்டால்தானே வழி சொல்கிறார்கள்!

நிற்க. கூடத்தில் நாம் அமைத்த இயந்திரம் கன்ட்ரோலரிடம் பதிவாக மறுத்தது. 'பதிவாகவில்லை' என்ற ஒரே சொல்லை மூன்று இரவுகள் பார்த்துக்கொண்டிருந்தோம். தீச்சுவரைத் திறந்தோம், பெயர்ப் பட்டியலைச் சரிபார்த்தோம், அழித்து மறுபடி நிறுவினோம். நான்காம் இரவு, தண்ணீர் குடிக்க எழுந்து வந்த மகள் திரையின் மூலையைச் சுட்டி, "அப்பா, இந்தக் கடிகாரம் ஏன் பதினோரு நிமிஷம் பின்னால் ஓடுகிறது?" என்று கேட்டாள். அதுவே காரணம். இரு இயந்திரங்களின் நேரம் ஐந்து நிமிடத்துக்கு மேல் வேறுபட்டால், அவை ஒன்றையொன்று நம்புவதற்கான கெர்பராஸ் சோதனை தேறாது. உறக்கநிலையில் வைத்து எழுப்பிய இயந்திரம் பழைய நேரத்தையே பிடித்துக்கொண்டிருந்தது. கடிகாரத்தைத் திருத்தினோம், பதிவாயிற்று. இருபத்திரண்டு ஆண்டுத் தொழிலில் நாம் கடிகாரத்தைப் பார்த்தது வீட்டுக்குப் புறப்படும் நேரத்தை அறிய மட்டுமே.

2020 ஜனவரியில் முதன்முறை எழுதினோம். தேர்வுக்கூடத்தில் பணப்பை, கைபேசி, கைக்கடிகாரம் அனைத்தையும் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டு, எழுதியழிக்கும் பலகை ஒன்றைத் தருகிறார்கள். வினாக்களை வெளியிடுவதில்லை என்று ஒப்புக்கொண்டுள்ளமையால் அவற்றைச் சொல்லோம். முடிவு உடனே திரையில் வந்துவிடுகிறது. தவறிவிட்டோம். வீட்டில் அதைச் சொல்லவில்லை. 'முடிவு வர நாளாகும்' என்று பொய் சொன்னோம். தட்டெழுத்துத் தேர்வுக்கு நாளிதழில் எண் தேடிய தந்தையார் அதை ஐயமின்றி நம்பிவிட்டார், அதுதான் உறுத்தியது.

மார்ச்சில் ஊரடங்கு வந்தது. தேர்வுக்கூடங்கள் மூடப்பட்டன. அலுவலகத்தார் எல்லாரும் வீட்டிலிருந்தே வேலை செய்தது நாம் தவறிய அந்த வித்தையின் வழியேதான். இரவு பகலாக வந்த அழைப்புகளில், மனப்பாடம் செய்திருந்த 1494, 2598 என்னும் போர்ட் எண்கள் உயிர் பெற்றன. எவருடைய இணைப்பு எங்கே அறுகிறது என்பது குரலைக் கேட்டே புரியலாயிற்று. 2021 பிப்ரவரியில் மறுபடியும் சென்று எழுதித் தேறினோம். அன்றிரவே முதல் தோல்வியையும் தந்தையாரிடம் சொன்னோம். அவர் சற்று நேரம் பேசவில்லை. "ஹையர் எனக்கும் இரண்டாம் தடவைதான் ஆயிற்று. உன் தாத்தாவுக்குக் கடைசிவரை தெரியாது" என்றார்.

சான்றிதழ் மின்னஞ்சலில் வந்தது. கடையில் அச்சிட்டு அவரிடம் கொடுத்தோம். கண்ணாடியை மாட்டிக்கொண்டு முழுதும் படித்தார். சர்க்கார் முத்திரை எங்கே என்று கேட்டார். இல்லை என்றோம். மூன்று ஆண்டுகளில் காலாவதி என்றும் சொன்னோம். "மூன்று வருஷத்தில் படித்தது மறந்துபோகுமா?" என்றார். மறவாது, ஆனால் சரக்கு மாறிவிடும் என்றோம். அவர் நம்பியதாகத் தெரியவில்லை. தகரப் பெட்டியைக் கொண்டுவரச் சொல்லி, தம்முடைய இரண்டு காகிதங்களுக்கு நடுவே அதை வைத்து மூடினார்.

2024 பிப்ரவரியில் அதன் தவணை முடிந்தது. பெட்டியிலிருந்து அதை நாம் எடுக்கவில்லை. உத்தியோகம் இருக்கிறது, கூடத்தில் அந்தச் சர்வர் இன்னமும் இரைந்துகொண்டிருக்கிறது.