நல்ல தண்ணி

கம்பத்தில் வளர்ந்தவனுக்குத் தண்ணீர் விஷயத்தில் கொஞ்சம் திமிர் இருக்கும். எனக்கும் இருந்தது. 1895 முதல் பெரியாற்றுத் தண்ணீர் மலையைக் குடைந்த சுரங்கம் வழியாக எங்கள் பள்ளத்தாக்குக்கு இறங்குகிறது. திராட்சைத் தோட்டங்களில் டீசல் மோட்டார் பழுது பார்ப்பவர் அப்பா. வேலை முடிந்ததும் கை, ஸ்பேனர், கழற்றிய பாகம் எல்லாமே வாய்க்காலில்தான் கழுவுவார்.

மண்டபம் பக்கத்தில் இருக்கும் கல்லூரி நண்பன் வீட்டுக்குப் போனபோதுதான் இன்ஜினுக்கும் குடத்தில் தண்ணீர் பங்கு வைப்பதைப் பார்த்தேன். படகு கடலிலேயே நங்கூரத்தில் நிற்கும். அவுட்போர்டு இன்ஜினை மட்டும் இரண்டு பேர் தோளில் சுமந்து வந்து, மரச்சட்டத்தில் மாட்டி, அடிப்பாகத்தைப் பாதி வெட்டிய டிரம்முக்குள் இறக்குவார்கள். டிரம்மில் நல்ல தண்ணி. பத்து நிமிஷம் மெதுவாக ஓட விடுவார்கள்.

அந்த இன்ஜின் கடல்தண்ணியை உறிஞ்சித்தான் சூட்டைத் தணிக்கிறது. ஒரு லிட்டர் கடல்நீரில் சுமார் 35 கிராம் உப்பு. ஓட்டம் நின்றதும் உள்ளே தங்கிய தண்ணீர் சூட்டில் காய்ந்துவிடும், உப்பு அங்கேயே படியும். குழாயை அடைக்கும், அலுமினியத்தை அரிக்கும். தண்ணீர் இல்லாமல் ஓட்டினாலோ பம்பின் ரப்பர் இறக்கை நிமிஷத்தில் கருகிவிடும்.

ஒருமுறை தண்ணி லாரி வராத இரண்டு வாரம் கழுவாமலே ஓட்டியிருக்கிறார்கள். நடுக்கடலில், பக்கவாட்டில் பீய்ச்சும் தண்ணீர் நூலாக மெலிந்து நின்றுபோனது. துடுப்புப் போட்டே கரை சேர்ந்தார்களாம். "அன்னைக்கு எனக்கு உசுரே இல்ல தம்பி" என்றார் நண்பனின் அம்மா. இருந்தாலும் விலைக்கு வாங்கிய குடங்களில் மூன்று இன்ஜினுக்குப் போவதை அவர் ஒவ்வொரு நாளும் எண்ணத்தான் செய்கிறார். ஒரே தண்ணீரை மூன்று நாள் வைத்து ஓட்டுவதும் அதனால்தான்.

அப்பாவிடம் போனில் சொன்னேன். "இன்ஜினுக்கு ஊத்தவாடா தண்ணிய விலைக்கு வாங்குறாய்ங்க?" என்றார். எங்கள் முல்லையாறு வைகையில் சேர்கிறது. வைகையில் மிச்சம் மீதி இருந்தால் கடலைத் தொடுவது அந்த மண்டபம் பக்கம்தான். அதை அவரிடம் சொல்லவில்லை.

பொங்கல் கழிந்து ராமேஸ்வரம் போகிற வழியில் அப்பாவை அங்கே கூட்டிப்போனேன். இன்ஜினைச் சுற்றிச் சுற்றி வந்தார். டிரம்மில் விரல் விட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார்.

"கரிக்குதே தாயி. இத மாத்தணும்."

நண்பனின் அம்மா திண்ணையில் வரிசையாக இருந்த குடங்களைப் பார்த்தார். பிறகு கடைசிக் குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்தார்.