கொலுவுக்கு வந்த நெடுஞ்சாலை

நவராத்திரி வந்துவிட்டால் நம் வீடுகளில் இரண்டு கட்சிகள் ஏற்பட்டுவிடும். ஒன்று படிக்கட்டுக் கட்சி. மற்றொன்று பூங்காக் கட்சி. கலசம் வைத்து, மரப்பாச்சிக்குப் பட்டு கட்டி, பொம்மைகளை வரிசை தப்பாமல் அடுக்கி அழகு பார்ப்பது பெரியவர்களின் கட்சி. படிகளுக்குக் கீழே மண்ணைக் கொட்டி, கேழ்வரகை விதைத்து, மலையும் குளமும் ரயிலும் அமைத்து, கூடம் முழுவதையும் சேறாக்குவது சிறுவர்களின் கட்சி. வருகிறவர்கள் சுண்டலை வாங்கிக்கொண்டு எதன் முன்னால் அதிக நேரம் நிற்கிறார்கள் என்பதை நீங்களே கவனித்திருப்பீர்கள்!

இந்தப் பூங்காக்களில் ரயிலுக்கு இருக்கும் மரியாதை சாலைக்குக் கிடையாது. ரயில் மலைக் குகைக்குள் புகுந்து, பாலத்தின் மேல் ஓடி, ஸ்டேஷனில் நிற்கும். சாலையோ, ஒரு கறுப்புக் காகிதப் பட்டை. அதன் மேல் நான்கு கார்களை நிறுத்திவிட்டால் வேலை முடிந்தது. காரணம் சுலபம். ரயிலும் தண்டவாளமும் கடையில் கிடைக்கும். சாலையை நாம்தான் போட வேண்டும்.

சென்ற நவராத்திரியில் அப்படி ஒரு சாலை போடுவதை, கிட்டத்தட்ட ஒரு மேஸ்திரியின் ஸ்தானத்தில் உட்கார்ந்து பார்க்கும் பாக்கியம் எனக்குக் கிடைத்தது. மணிமங்கலத்தில் இருக்கிறாள் என் அக்கா. தாம்பரத்திலிருந்து ஸ்ரீபெரும்புதூர் போகும் வழியில் உள்ள பழைய ஊர் அது. ஏழாம் நூற்றாண்டில் பல்லவன் நரசிம்மவர்மன் சாளுக்கியப் புலிகேசியை முறியடித்த போர்க்களங்களில் மணிமங்கலமும் ஒன்று என்று கூரம் செப்பேடு சொல்கிறது. ராஜகோபால சுவாமி கோயிலும், நிறைந்தால் கடல்போல் தோன்றும் ஏரியும் இன்றும் ஊரின் பெருமைகள். ஆனால் அக்காவின் பையனுக்கு நரசிம்மவர்மனைவிட டிரெய்லர் லாரிகளிடம்தான் பக்தி அதிகம். அதற்கும் காரணம் இருக்கிறது. ஒருபுறம் ஸ்ரீபெரும்புதூர், இன்னொருபுறம் ஒரகடம். 1990-களின் கடைசியில் இருங்காட்டுக்கோட்டையில் கார்த் தொழிற்சாலை வந்தது முதல் இந்த வட்டாரத்தில் காரும் லாரியும் மோட்டார் சைக்கிளுமாகப் பிறந்து வெளியே போய்க்கொண்டிருக்கின்றன. ஏழாவது படிக்கும் பையன், "இந்தத் தடவை கொலுவில் ரயிலோடு ஹைவேயும் உண்டு, சித்தி. உள்ளது உள்ளபடி ஆறு வழிச் சாலை" என்று பிரகடனம் செய்துவிட்டான்.

உள்ளது உள்ளபடி என்றால் கணக்கு வந்துவிடும் அல்லவா? அவனிடம் இருந்த ரயில், உலகம் முழுவதும் பொழுதுபோக்குக்காக ரயில் விடுகிறவர்கள் பெரும்பாலும் வைத்திருக்கும் 'எச்.ஓ.' அளவைச் சேர்ந்தது. நிஜத்தில் 87 பங்கில் ஒரு பங்கு. அதன் தண்டவாளங்களுக்கு இடையே 16.5 மில்லிமீட்டர். அது வெளிநாடுகளில் சாதாரணமான பாதையின் அகலத்துக்குச் சரி. நம் நாட்டு அகலப் பாதைக்கு 19 மில்லிமீட்டருக்கு மேல் வேண்டும். "போகட்டும், தண்டவாளத்தில் ஏமாற்றினாலும் ரோட்டில் ஏமாற்ற மாட்டேன்" என்றான் பையன்.

நெடுஞ்சாலையில் வண்டி போகும் ஒரு தடத்துக்கு 3.5 மீட்டர் அகலம். 87-ஆல் வகுத்தால் 4 சென்டிமீட்டர். ஆறு தடத்துக்கு 24. நடுவில் செடி வைக்கும் திட்டு நாலரை மீட்டர் என்றால் அதற்கு 5. ஆகக்கூடி ஏறத்தாழ ஓர் அடி! இரண்டரை அடி அகலப் பலகையில் ஓர் அடியைச் சாலையே விழுங்கிவிட்டது. இந்தக் கணக்கில் ஒரு பெண்மணியின் உயரம் 2 சென்டிமீட்டருக்கும் குறைவு. படியில் வீற்றிருந்த செட்டியார் பொம்மையை அளந்து பார்த்தோம். அவர் எழுந்து நின்றால் ஐந்து மாடிக் கட்டிடம்! "அவர் ரோட்டுப் பக்கம் வரவேண்டாம்" என்று தீர்ப்பாயிற்று.

இந்தக் கலையில் நம்மைவிட முன்னே போனவர்கள் உண்டு. புனே நகரில் கோத்ரூட் பகுதியில் 1998-ல் பாவுசாகேப் ஜோஷி என்பவர் ஒரு சிற்றுருவ ரயில் காட்சிசாலையையே திறந்தார். ஜெர்மனியில் ஹாம்பர்க் நகரில் 2001-ல் தொடங்கிய மினியேச்சர் வுண்டர்லாண்டில் ரயில் மட்டுமல்ல, சாலையில் கார்களும் லாரிகளும் தாமாகவே ஓடுகின்றன. சூட்சுமம் என்ன தெரியுமா? சாலைக்கு அடியில் மெல்லிய கம்பி புதைந்திருக்கிறது. வண்டியின் முன் சக்கரத்தோடு ஒரு காந்தம் இணைந்திருக்கிறது. கம்பி போகிற வழியில் காந்தம் போகும். காந்தம் போகிற வழியில் வண்டி போகும். அக்கா இதைக் கேட்டுவிட்டு, "நம் வீட்டு ஆண்பிள்ளைகளுக்கும் இப்படி ஒரு கம்பி இருந்தால் தேவலை" என்றாள்.

நம் பொறியாளரிடம் கம்பியும் இல்லை, காந்தமும் இல்லை. ஆனால் கண் இருந்தது. தார் ரோடு கறுப்பு என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோமே, அது போட்ட புதிதில்தான். தார் தேய்ந்து கல் தெரிய ஆரம்பித்ததும் சாம்பல் நிறமாகிவிடும். எனவே கறுப்பு உப்புத்தாளை ஒட்டி, அதன் மேல் சாக்பீஸ் பொடியைத் துணியால் தேய்த்தான். வண்டிகள் நின்று நின்று போகும் இடத்தில் தடத்தின் நடுவே எண்ணெய் சொட்டிய கறை இருக்குமாம். அதற்குக் கண் மை. மழைநீர் வழிவதற்காகச் சாலை ஓரத்தை நோக்கிச் சற்றுச் சரிந்திருக்கும்; அதற்காக நடுத்திட்டின் பக்கமாக அடியில் ஓர் அட்டைத் துண்டு. சாலை ஓரத்துச் செம்மண்ணுக்குச் சலித்த செங்கல் பொடி. புதருக்குப் பாத்திரம் தேய்க்கும் பச்சை நார்.

நடுத்திட்டில் அரளிச் செடி. நெடுஞ்சாலைகளில் ஏன் அரளியை நட்டு வைத்திருக்கிறார்கள் என்று உங்களுக்குத் தோன்றியதுண்டா? தண்ணீர் அதிகம் கேட்காது. ஆடு மாடு கடிக்காது. எதிரே வரும் வண்டியின் விளக்கு வெளிச்சம் கண்ணில் அடிக்காமல் மறைக்கும். மைல் கல்லுக்கு ஒடித்த சோப்புத் துண்டு. தேசிய நெடுஞ்சாலை என்றால் அதன் தலைக்கு மஞ்சள் வர்ணம், மாநில நெடுஞ்சாலை என்றால் பச்சை. சாலையின் இரு முனைகளையும் நேரே சுவரில் முட்டவிடாமல், ஒன்றை மலைக்குப் பின்னாலும் மற்றொன்றைப் புளியந்தோப்புக்குள்ளும் வளைத்துவிட்டான். முடிகிற இடம் தெரியாவிட்டால் சாலை முடியாது என்பது இந்தக் கலையின் முதல் ரகசியம்.

ரயிலிலும் ஒரு விசேஷம் செய்திருந்தான். பழைய நீல நிறப் பயணிப் பெட்டியின் ஜன்னல்களை அட்டையால் அடைத்து, உள்ளே சிறு கார்களை வைத்திருந்தான். இதுவும் கற்பனை அல்ல. 1955-ல் தொடங்கிய பெரம்பூர் ஐ.சி.எஃப். செய்து அனுப்பிய பெட்டிகள், மனிதர்களைச் சுமந்து களைத்த பிறகு இப்படி ஜன்னல் மூடப்பட்டுக் கார்களைச் சுமக்கின்றன. வாலாஜாபாத் ஸ்டேஷனில் அவ்வாறு கார்கள் ரயிலேறுகின்றன. "பாட்டிகள் ரிடையரான பிறகு பேரனைச் சுமக்கிற மாதிரி" என்றாள் அக்கா.

இரண்டாம் நாள் மாலையே ஊரில் செய்தி பரவிவிட்டது. குங்குமம் வாங்க வந்தவர்கள் அம்பாளைக் கும்பிட்ட கையோடு சாலைப் பக்கம் திரும்பினார்கள். பையன் கையில் ஒரு குச்சியோடு விளக்கவுரை நிகழ்த்தினான்.

மூன்றாம் நாள், ஒரு தொழிற்சாலையில் பெருக்கித் துடைக்கும் வேலை செய்யும் ஓர் அம்மாள் வந்தார். ஐம்பத்தைந்து வயது இருக்கும். வேலை விட்டு நேரே வந்திருக்கிறார். கம்பெனிச் சீருடை மேல்சட்டையைக் கழற்றிப் பையில் வைத்துக்கொண்டிருந்தார். பையனின் விளக்கம் முழுவதையும் பொறுமையாகக் கேட்டார். பிறகு குனிந்து, சாலையோரத்தில் கூடையோடு நின்றிருந்த ஒரு சின்னஞ்சிறு பெண் பொம்மையை விரலால் தொட்டார்.

"எல்லாம் நல்லாத்தான் இருக்குது, கண்ணு. நான் எங்கே தாண்டறது?"

பையனின் குச்சி அப்படியே நின்றுவிட்டது.

"காலையிலே போறப்போ கம்பெனி பஸ்சு இந்தப் பக்கம் நிக்கும். சாயங்காலம் அந்தப் பக்கம் இறக்கி விட்டுட்டுப் போயிடும். தினம் தாண்டித்தானே வீட்டுக்கு வரணும்?" என்றார். சற்றுப் பொறுத்து, எங்கோ பார்த்தபடி, "எங்க ஓர்ப்படி அப்படித்தான் தாண்டினா, போன ஆடியிலே. சோத்து டப்பாதான் வந்து சேர்ந்தது" என்றார். அழவில்லை. தேங்காய் விலையைச் சொல்வதுபோலச் சொன்னார். அக்கா தாம்பூலத் தட்டைக் கீழே வைத்துவிட்டு அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அவர் போன பிறகு பையன் வெகுநேரம் பேசவில்லை. பிறகு அட்டையை எடுத்து ஒரு நடை மேம்பாலம் செய்ய ஆரம்பித்தான். மறுநாள் அவரை அழைத்து வந்து காட்டினான். "எத்தனை படி?" என்று கேட்டார். லாரி அடியில் போக ஐந்தரை மீட்டர் உயரமாவது வேண்டும். படி முப்பத்தாறுக்குக் குறையாது. "ஏற முப்பத்தாறு, இறங்க முப்பத்தாறு. எட்டு மணி நேரம் நின்னு வேலை செஞ்ச முட்டி இது, கண்ணு" என்றார். சுரங்கப் பாதைக்கு, "ராத்திரி ஷிப்டு விட்டா அதுக்குள்ளே தனியா யாரு போவா?" என்றார்.

பையன் மறுபடியும் கணக்குப் போட்டான். சாலை முழுவதும் இருபத்தைந்தரை மீட்டர். விநாடிக்கு ஒரு மீட்டர் நடந்தால் இருபத்தைந்து விநாடிக்கு மேல். மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் வரும் லாரி அதற்குள் 560 மீட்டர் ஓடிவிடும். கொலுக் கணக்கில் அது ஆறரை மீட்டர். டேப்பைப் பிடித்தோம். பலகையிலிருந்து கூடத்தைத் தாண்டி, திண்ணையைத் தாண்டி, வாசல் கோலத்தின் மேல் போய் நின்றது டேப். அவர் பத்திரமாக ஒரே மூச்சில் தாண்ட வேண்டுமானால் லாரி அவ்வளவு தொலைவில் இருக்க வேண்டும். வாசலில் வரும் லாரி, கூடத்தில் நிற்கிற பொம்மையின் கண்ணுக்குத் தெரியுமா?

"நடுவிலே நின்னு மூச்சு வாங்க ஓர் இடம் கொடுத்தால்?" என்றாள் அக்கா, சுண்டலுக்குக் கடுகு தாளித்தபடியே.

போட்டுப் பார்த்தான். நடுத்திட்டு வரையில் மூன்று தடம், பத்தரை மீட்டர். லாரி 230 மீட்டருக்கு அப்பால் இருந்தால் போதும். கொலுவில் இரண்டே முக்கால் மீட்டருக்குள்! டேப் கூடத்துக்குள்ளேயே அடங்கிவிட்டது. அன்று இரவே, ஆசையாக நட்ட அரளியில் மூன்று சென்டிமீட்டரைப் பிடுங்கி எறிந்தான். அங்கே தளம் போட்டு, இரண்டு பக்கமும் மறிப்புக்கல் வைத்து, சாலையில் வெள்ளைப் பட்டை தீட்டி, ஊதுவத்திக் குச்சியில் சிவப்பு விளக்கும், பளிச்சென்று ஒரு தெரு விளக்கும் நட்டான். கூடைக்காரப் பொம்மையை நடுத்திட்டில் நிறுத்தினான்.

அதன் பிறகு நடந்ததுதான் எனக்கு ஆச்சரியம். வந்த பெண்கள் யாரும் ரயிலைப் பார்க்கவில்லை. "எங்க ஸ்கூல் வாசலுக்கும் இப்படி ஒண்ணு வேணும்" என்றாள் ஒருத்தி. "அங்கே விளக்கு இருக்கு, எரியறதில்லை" என்றாள் மற்றொருத்தி. "பஸ் நிற்கிற இடத்துக்கு நேரே இல்லாமல் நூறு அடி தள்ளி வைத்தால் யார் அங்கே போய்த் தாண்டுவார்கள்?" என்றாள் கைக்குழந்தையோடு வந்தவள். இரும்பும் சிமெண்டும் பற்றிய விஷயம் என்று நாம் விட்டுவிடும் சாலையைப் பற்றி இத்தனை பேரிடம் இத்தனை அபிப்பிராயம் இருந்திருக்கிறது! கேட்கத்தான் ஆள் இல்லை.

2022-ஆம் ஆண்டில் நாடெங்கும் சாலை விபத்துகளில் உயிரிழந்தவர்கள் 1,68,491 பேர். அவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் நடந்து போனவர். வண்டி ஓட்டாதவர், வேகம் போகாதவர், எதிர்ப்புறம் போய்ச் சேர நினைத்தவர், அவ்வளவுதான். சாலை என்றால் அதன் நீளம்தான் என்று நாம் நினைக்கிறோம். அதன் கரையில் குடியிருப்பவர்களுக்கோ அகலம்தான் சாலை.

இந்த நவராத்திரிக்கு உங்கள் வீட்டுப் பூங்காக் கட்சியும் சாலை போடக்கூடும். உப்புத்தாளும் சாக்பீஸ் பொடியும் வாங்கிக் கொடுங்கள். கண் மை போனால் போகிறது என்று விட்டுவிடுங்கள். எல்லாம் ஒட்டிக் காய்ந்த பிறகு, இரண்டு சென்டிமீட்டருக்கும் குறைவான ஒரு பெண் பொம்மையை ஓரத்தில் நிறுத்துங்கள். அவள் வீடு அந்தப் பக்கம் இருக்கிறது என்று மட்டும் குழந்தையிடம் சொல்லிவிட்டு, சுண்டலைக் கவனிக்கப் போய்விடுங்கள். மீதியை அவன் பார்த்துக்கொள்வான். நாளைக்கு நிஜ ரோடு போடப் போகிறவர்கள் இந்தக் குழந்தைகள்தானே!