கொறங்காட்டின் மழைக்கணக்கு

தாராபுரத்திலிருந்து மூலனூர் வழியாகக் கரூர் போகும் பேருந்தில் ஜன்னலோரம் இடம் கிடைத்தால் வழிநெடுக வேலி பார்த்துக்கொண்டே போகலாம். கம்பி வேலி இல்லை, முள்ளுக்கிளுவை. வேலிக்குள் அங்கொன்றும் இங்கொன்றுமாக வெள்வேல மரங்கள், அடியில் புல். வெளியூர்க்காரர்கள் தரிசு என்று நினைத்துவிடுவார்கள். எங்கள் பக்கத்தில் அதுதான் கொறங்காடு. காங்கேயம் காளையைத் தெரியாத ஆள் கிடையாது. அது மேய்ந்து வளர்ந்த இந்த மேய்ச்சல் காட்டைப் பற்றிக் கேட்டால் பாதிப் பேர் முழிப்பார்கள்.

என் அம்மா பிறந்த ஊர் அங்கே. பள்ளிக்கூடம் லீவு விட்டதும் அம்மாவின் அப்பா, எங்கள் அப்புச்சி வீட்டுக்குக் கொண்டுபோய் விட்டுவிடுவார்கள். வானம் பார்த்த சீமை. ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் காற்று மட்டும் பேயாக வரும். மழையெல்லாம் மலைக்கு அந்தப் பக்கமே தீர்ந்திருக்கும். மேகம் எங்கள் தலைக்கு மேலே கிழக்கே ஓடிக்கொண்டே இருக்கும். சித்திரை, வைகாசியில் கொஞ்சம் கோடை மழை, பிறகு ஐப்பசி, கார்த்திகையில் பெரிய மழை. எல்லாம் சேர்த்தால் வருஷத்துக்கு 600 மி.மீ. சுற்றி வரும்.

அப்புச்சிக்கு மி.மீ. கணக்கு வேண்டியிருக்கவில்லை. மழை விட்ட மறுநாள் விடியற்காலை களைக்கொத்தை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். மேட்டில் ஓரிடம், பள்ளத்தில் ஓரிடம், மரத்தடியில் ஓரிடம் என்று கொத்துவார். மேல்மண் கறுத்துக் குளிர்ந்திருக்கும். அதை விலக்கி விரலை உள்ளே விடுவார். சில நாள் இரண்டு விரற்கடைக்குக் கீழே மண் பொரிபொரியென்று காய்ந்து, நேற்றைய வெயிலின் சூடுகூட ஆறாமல் இருக்கும்.

“நல்ல மழைதானுங்களே அப்புச்சி, ஓடெல்லாம் சொட்டுச்சே?”

“ஓடு நனைஞ்சு என்ன கண்ணு பண்றது? ஒரு ஒழவுக்குக்கூடப் பத்தல.”

கலப்பை இறங்கும் ஆழம்வரை ஈரம் போனால்தான் அவருக்கு அது ஓர் உழவு மழை. அதற்குக் குறைந்ததெல்லாம் தூறல்.

அவர் கொத்திப் பார்த்ததன் நியாயம் எனக்குப் பிறகு படிக்கும்போதுதான் விளங்கியது. இந்த மாதிரி நிலத்தில் மேலாக நனைந்த ஈரத்தைப் புல்லைவிட வெயிலும் காற்றுமே முதலில் குடித்துவிடும். ஒரே அளவு தண்ணீர் பத்துத் தூறலாக வந்தால் பெரும்பாலும் ஆவியாகிவிடும். இடைவெளி விட்டு மூன்று நான்கு நல்ல மழையாக வந்தால் கீழே இறங்கி வேருக்கு நிற்கும். எங்கள் சரளைச் செம்மண்ணில் தண்ணீர் சட்டென்று உள்ளே போய்விடும். கரிசலில் அது மேலேயே நின்று வெயிலுக்குப் போகும். வறண்ட நாட்டில் மட்டமான மண் என்று சொல்வதுதான் பல சமயம் புல்லுக்கு நல்ல மண்.

தூறல் முழுக்க வீண் என்றும் சொல்ல முடியாது. 1982இல் சாலா, லாவன்ராத் என்ற இரண்டு ஆய்வாளர்கள் அமெரிக்காவின் கொலராடோ புல்வெளியைப் பற்றி எழுதினார்கள்: 5 மி.மீ. நனைத்தாலே அங்குள்ள புல் 12 மணி நேரத்துக்குள் உயிர்ப்புக் காட்டியது. ஆனால் இரண்டு நாளில் அடங்கிவிட்டது. எங்கள் கொறங்காட்டின் கொழுக்கட்டைப் புல்லும் அப்படித்தான் ஏமாறும். கோடையில் ஒரு மழை விழுந்ததும், செத்துப்போனது என்று நினைத்த தூரிலிருந்து ஊசி ஊசியாகப் பச்சை கிளம்பும். நீண்ட வறட்சிக்குப் பிறகு நனையும் மண்ணில் நுண்ணுயிர்கள் விழித்துக்கொண்டு தழைச்சத்தை ஒரே மூச்சில் விடுவிப்பதால் அந்த முதல் பச்சைக்குத் தனி மினுக்கு. அது தூரில் சேர்த்து வைத்த சேமிப்பைச் செலவழித்து வந்த பச்சை. அந்த நேரத்தில் ஆட்டை விட்டுக் கடித்துவிட்டு, அடுத்த மழையும் தள்ளிப்போனால் தூரே போய்விடும். ஆகவே முதல் மழைக்கு அப்புச்சி வேலிக் கடவைப் படலால் அடைத்துவிடுவார். ஆடு பட்டியில் கத்தும், என் பாட்டி அம்மாயி திட்டுவாள், மனுஷர் காதிலேயே வாங்கமாட்டார். இரண்டாவது மழை இறங்கி, புல் முழங்காலைத் தொட்டால்தான் படல் திறக்கும்.

நல்ல ஐப்பசியை அடுப்படியிலேயே கண்டுபிடிக்கலாம். மாடு பச்சை மேய ஆரம்பித்ததும் அம்மாயி கடையும் வெண்ணெய் மஞ்சளாகிவிடும். காட்டில் புல்லோடு நரிப்பயறும் செப்பு நெருஞ்சியும் படர்ந்திருக்கும். கார்த்திகையில் கொழுக்கட்டைப் புல்லின் கதிர் முற்றி, நடந்துவிட்டு வந்தால் வேட்டியெல்லாம் விதை. இந்த விதைக்கு ஒரு பிடிவாதம் உண்டு: உதிர்ந்த கையோடு ஈரம் கிடைத்தாலும் முளைக்காது, சில மாதம் உறங்கித்தான் எழும். மார்கழியில் தப்பித் தவறி விழும் மழையை நம்பி முளைத்திருந்தால் அடுத்து வரும் வெயிலில் வம்சமே கருகியிருக்கும்.

2016இல் வடகிழக்குப் பருவமழை இயல்பைவிட 60 சதவீதத்துக்கும் மேல் குறைந்துபோனது. 2017 ஜனவரியில் மாநிலம் முழுக்க வறட்சி என்று அரசு அறிவித்தது. அதே ஜனவரியில்தான் மெரினாவில் ஜல்லிக்கட்டுப் போராட்டம். எந்தப் பக்கம் திரும்பினாலும் காளைப் படம். இங்கே கொறங்காட்டில் மாடு மண்ணை நக்கிக்கொண்டிருந்தது. அப்புச்சி அதற்கு முன்பே போய்விட்டார், மாமாதான் பார்த்துக்கொண்டார். வைக்கோல் விலைக்கு ஈடுகொடுக்க முடியாமல் பட்டியில் பாதி சந்தைக்குப் போனது. அடுத்து மழை வந்தபோதும் புல் பழையபடி வரவில்லை. மழை இருந்தது, முளைக்கத் தூர் போதவில்லை. பத்துக் கிளை வெடித்த தூரில் இரண்டு கிளைதான் வெடித்தது. பட்ட கடனை அடைத்துவிட்டுத்தான் காடு மறுபடி நிமிர்ந்தது.

இப்போது மாமா ஒரு காட்டைக் குத்தகைக்கு விடுகிறார். சுற்றிலும் காற்றாலைகள், சில வேலிகளை எடுத்துவிட்டு மனைக்கல் நட்டிருக்கிறார்கள். போன தை மாதம் ஆட்டுக்காரர் ஒருவர் காடு பார்க்க வந்திருந்தார். மாமா செல்போனில் மழைக்கணக்கை எடுத்துக் காட்டி, போன வருஷத்தைவிட இந்த வருஷம் அதிகம், தொகையை ஏற்றித் தரவேண்டும் என்றார். வந்தவர் செல்போனை வாங்கக்கூட இல்லை. குனிந்து ஒரு தூரைப் பிடித்து இழுத்துப் பார்த்தார்.

“அத்தனையும் ரெண்டு நாள்ல ஊத்திப்போட்டுப் போயிருச்சுங்க. பள்ளத்துல ஓடுனதுக்கு நான் எப்படிங்க காசு குடுக்கறது?”

பழைய தொகைக்கே முடிந்தது.