பிள்ளைகள் கேட்டது

ஒக்டோபர் 20, 2023, வெள்ளி

பத்தாம் வகுப்பில் இன்று பாடம் நகரவில்லை. பையன்கள் இரவெல்லாம் போனில் காசாவைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறார்கள். "எல்லாம் நம்ம வயசுப் பிள்ளைங்க டீச்சர்" என்றான் ஒருவன். கரும்பலகையில் எழுதினேன்: 2008, 2012, 2014, 2021, 2023. அங்கே பதினைந்து வயதுப் பிள்ளைக்கு இது ஐந்தாவது போர். காசாவின் சனத்தொகையில் ஏறக்குறைய பாதிப்பேர் பதினெட்டு வயதுக்குக் கீழே. வெலிமடை டவுனில் ஜும்மா முடிந்து வந்தவர்களும் இதைத்தான் பேசிக்கொண்டு நின்றார்கள்.

ஒக்டோபர் 21, சனி

வகுப்பில் நடந்ததை அம்மாவிடம் சொன்னேன். அவளுக்கும் ஒரு கணக்கு உண்டு, தமிழருக்கு எதிரான கலவரங்களின் கணக்கு: 77, 83. பதுளை டவுன் எரிந்த 83 ஜூலையில், கைக்குழந்தையான என் வாயைப் பொத்திக்கொண்டு ராத்திரி முழுக்கத் தேயிலைக்குள் உட்கார்ந்திருந்தாளாம். சித்தி குடும்பம் 77க்குப் பிறகே கிளிநொச்சிக்குப் போய்விட்டது, அங்கே பயமில்லை என்று. கடைசி யுத்தத்தில் வீட்டுக்கு ஒருவர் என்று புலிகள் பிடித்தபோது சித்தியின் கடைசி மகன் போனான். திரும்பவில்லை.

பஸ்ஸில் போலீஸ் ஏறினால் அம்மா இன்றைக்கும் பேச்சை நிறுத்திவிடுவாள். என் மகளும் நிறுத்துகிறாள். யுத்தம் முடிந்த 2009க்குப் பிறகு பிறந்தவள் அவள். அவளுக்கு யாரும் இதைச் சொல்லிக்கொடுக்கவில்லை. தோட்டத்துப் பிள்ளைகள் அடக்கமானவர்கள் என்று வெளியாட்கள் மெச்சும்போது எனக்கு எரிச்சல்தான் வரும். அந்த அடக்கத்தில் பாதி பயம்.

ஒக்டோபர் 23, திங்கள்

வாணி விழா. அவலும் கடலையும். மைக் பாதியில் நின்றது. மத்தியானத்துக்குப் பிறகு நல்ல மழை.

ஒக்டோபர் 25, புதன்

2000ஆம் ஆண்டு இதே நாள் காலை. பண்டாரவளைக்குப் பக்கத்தில், பிந்துனுவெவ புனர்வாழ்வு முகாம். உள்ளே இருந்தவர்கள் 41 தமிழ் இளைஞர்கள். சரணடைந்தவர்கள், சந்தேகத்தில் பிடிபட்டவர்கள். பதினெட்டு நிரம்பாதவர்களும் இருந்தார்கள். முந்தின நாள் மாலை முகாமுக்குள் தகராறு. விடிந்ததும் கத்தி, பொல்லுகளோடு சிங்களவர் கூட்டம் ஒன்று புகுந்தது. துப்பாக்கியோடு போலீசார் பக்கத்திலேயே நின்றார்கள். 27 பேர் செத்தார்கள். அப்போது எனக்குப் பதினெட்டு வயது. அன்றிலிருந்து பல மாதம் தம்பியைப் பண்டாரவளைச் சந்தைக்குக்கூட அம்மா அனுப்பவில்லை.

வகுப்பில் கேட்டேன். காசாவின் தெருப்பெயர்கள் வரை தெரிந்த பிள்ளைகளில் ஒருவருக்கும் பிந்துனுவெவ தெரியவில்லை. அவர்களைக் குறை சொல்ல முடியாது. வீட்டிலும் சொல்வதில்லை, புத்தகத்திலும் இல்லை. பிள்ளைகளின் மனதில் வன்மம் வளரக்கூடாது என்று பெரியவர்கள் மறைக்கிறோம். ஆனால் பயத்தை மட்டும் ஒழுங்காகக் கொடுத்துவிடுகிறோம். காரணம் தெரியாத பயம் இன்னும் மோசம். அதனால் முழுதாகச் சொன்னேன். அன்று உள்ளே இருந்தவர்களைக் காப்பாற்ற முயன்ற சிங்களவர் உண்டா என்று ஒரு பிள்ளை கேட்டாள். நல்ல கேள்வி, தேடிப் பார்த்துச் சொல்கிறேன் என்றேன்.

கடைசி வாங்கிலிருந்து இன்னொருத்தி: "செஞ்சவங்களப் பிடிச்சாங்களா டீச்சர்?"

பிடித்தார்கள். 2003இல் ஐந்து பேருக்கு மரண தண்டனை விதித்தார்கள். 2005இல் உயர் நீதிமன்றத் தீர்ப்போடு எல்லோரும் விடுதலை.